மூன்று வலிக்கு ஒரே எழுத்து

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சந்தேகம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் ஒரு கணக்கு முடிந்து மேலே போவதற்கு முன்னால், "சந்தேகம் பார்த்தாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

கூடம் என்றால் குப்பியும் குழாயும் வெள்ளை அங்கியும் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேலை பார்த்த அறையில் நான்கு மேஜை, நான்கு கணினி, ஓயாமல் இரைகிற ஒரு குளிர்சாதனம், கைப்பிடி உடைந்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அத்தனை வருஷ வேலையில் ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ரத்தமெல்லாம் எங்கெங்கோ எடுக்கப்பட்டு, எண்களாகி, அவளிடம் வந்து சேரும்.

மனிதனின் மரபணுவைக் கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஒரே நீள வரி என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆள் அதில் அங்கங்கே எழுத்து மாறியிருக்கும். எந்த இடத்தில் எந்த எழுத்து உள்ளவர்களுக்கு எந்த நோய் சற்றுக் கூடுதலாக வருகிறது என்று லட்சக்கணக்கானவர்களை வைத்துப் பார்ப்பது பல ஊர்களில் பலர் செய்கிற வேலை. ஒரு தடவைக்கு ஒரு நோய் என்றுதான் பார்ப்பார்கள். அவள் செய்தது அதற்கு அடுத்தது. பல நோய்களைச் சேர்த்து வைத்து, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே எழுத்து நிற்கிறதா என்று கேட்கிற கணக்கு.

அந்தக் கணக்குக்குள் அவள் போய் விழுந்தது தம்பியால்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கெட்டிக்காரன். கயிற்றின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஆனால் எந்தக் கம்பெனியிலும் நிலைத்து நின்றதில்லை. இருபது வயதிலிருந்தே அவனுக்கு வயிற்றில் ஒரு வலி. வந்தால் இரண்டு மூன்று நாள் சுருண்டு கிடப்பான். அது ஒரு பக்கம் இருக்க, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓட்டமாக ஓடும். இதற்கெல்லாம் மேலே, வருஷத்தில் சில மாதம் மனசு அப்படியே அமிழ்ந்துபோகும். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சலோடும் வேலைக்குப் போனவர். அவருக்கு இது எதுவும் பிடிபடவில்லை.

"ஒரு நாள் வயிறு, ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் மனசு. உடம்பு பூரா சாக்கு வச்சிருக்கான்" என்பார், அவன் காதுபடவே.

வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். நெஞ்சு டாக்டர் வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் பழுதில்லை என்றார். மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் பங்கைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் அனுப்பினார்.

"மூணு பேரும் ஒரு தடவையாவது ஒண்ணா உக்காந்து டீ குடிச்சா என்னக்கா? டீ காசு நான் தரேன்" என்றான் தம்பி ஒருமுறை. அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. அப்போது ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு இந்தக் கூடத்துக்கு வந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றாள். பிறகு பேச்சு வருவதும் நின்றுபோனது.

அவள் கட்டிய முறையைக் கூடத்துக்கு வருகிறவர்களுக்கு இப்படித்தான் விளக்குவாள்: ஒரு கூட்டத்தில் மூன்று பேர் முணுமுணுக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டால் இரைச்சலில் ஒன்றும் விளங்காது. மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் முணுமுணுக்கிறார்கள் என்றால், சேர்த்துக் கேட்கும்போது அந்தச் சொல் தெளிந்துவிடும். இதில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, இரண்டாமவன் சொந்தமாக எதுவும் சொல்லாமல் முதலாமவனைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, ஒரே தெருவிலிருந்து வருகிற சத்தம் ஒரே வீட்டிலிருந்துதான் வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகவே இறங்கி வரும். எது பேசுகிறது, எது சும்மா கூட நிற்கிறது என்று பிரிப்பது லேசில்லை.

இந்தப் பொறிகளைத் தாண்டத்தான் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு நாள், வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு, மனச்சோர்வு மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கில், வரைபடத்தில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. தனித்தனிக் கணக்குகளில் அந்த இடத்தில் ஒரு சின்ன மேடுகூட இருந்ததில்லை.

வயிற்று வலிக் கணக்கு ஓர் ஆய்விலிருந்து வந்தது, மனச்சோர்வுக் கணக்கு இன்னோர் ஆய்விலிருந்து. இரண்டிலும் ஒரே ஆட்கள் இருக்கிறார்களா என்று எழுதிக் கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. எண்களில் இரண்டுக்கும் நடுவே, ஒரே ஆட்கள் இருந்தால் தெரிவது போல, லேசான ஓர் ஒட்டு தெரியத்தான் செய்தது. அது இரண்டு நோய்க்கும் உள்ள பொதுவான வேர் என்று எடுத்துக்கொண்டாள். மற்றவர்களுடைய கணக்காக இருந்தால் இன்னொரு முறை கேட்டிருப்பாள். கூடத்தை நடத்துகிற மேடம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டுரை வெளியானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை வரும் என்பதால் எப்போதும் சாத்தியே இருக்கும். தம்பி மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். அவர்களுடைய மகள் தரையில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள்.

"மூணுக்கும் ஒரே எழுத்தா?" என்றான்.

"மூணுலயும் அதுக்குப் பங்கு இருக்குன்னு தெரியுது. ஆனா நல்லாக் கேட்டுக்கோ. அந்த எழுத்து இருந்தா, இல்லாதவங்களவிடக் கொஞ்சூண்டு கூடும். கொஞ்சூண்டுதான். உனக்கு அது இருக்கான்னே தெரியாது."

"எனக்கு இருக்கும்கா."

"டேய், அப்படிச் சொல்ல முடியாது. இது கூட்டத்துக்குச் சொல்ற கணக்கு, தனி ஆளுக்கு இல்ல."

"இருக்கும்கா" என்றான் மறுபடியும். அவன் கண் நிறைந்துவிட்டது. "அப்போ நான் சாக்கு சொல்லல."

அவள் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டான். "அப்பா, அது ரத்தத்துலயே இருக்காம்ப்பா. மூணும் ஒண்ணுதானாம். அக்கா கண்டுபிடிச்சிருக்கா." அந்தப் பக்கத்திலிருந்து, "சரிப்பா" என்று மட்டும் கேட்டது. அவனை அப்பா என்று விளித்து அவர் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மறுவாரம் ஒரு பை நிறையப் பழத்தோடு மூன்று மாடி ஏறி வந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். அவன் ஒரு மணி நேரம் விளக்கினான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, 'நான் சொன்னது அப்படி இல்லை' என்று மறுபடி ஆரம்பிக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை சொல்லியாகிவிட்டது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவன் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். வலி வந்தால், "நம்ம எழுத்து இன்னிக்கு ரொம்பப் பேசுது" என்பான். கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். டாக்டர்களிடம் போவதை நிறுத்தினான். வலி வேறு மாதிரி ஆனபோது, வேறு இடத்துக்கு இறங்கியபோது, அதையும் எழுத்தின் தலையில் கட்டினான்.

ஒரு நாள் தம்பி மனைவி கூடத்துக்கே போன் செய்தாள்.

"அண்ணி, அவரு எளைச்சுக்கிட்டே போறாரு. பேன்ட் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "ஒரு தடவை போய்க் காட்டிட்டு வாடா."

"எந்த டாக்டர்க்கா புதுசா என்ன சொல்லப் போறாரு? காரணம்தான் தெரிஞ்சுபோச்சே."

"எளைச்சிருக்கியாமே."

"மாடி மாடியா ஏறி எறங்கறேன், எளைக்காம? சரி சரி, போறேன். நீ வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். வேறொரு நாட்டிலிருந்து, முற்றிலும் வேறு மக்கள் கூட்டத்தின் எண்கள் வந்துகொண்டிருந்த சமயம் அது. முதல் கூட்டத்தில் கண்டது இரண்டாவது கூட்டத்திலும் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அது மெய். போகிறேன் என்றானே, போயிருப்பான் என்று இருந்துவிட்டாள்.

இரண்டாவது கூட்டத்தில் அந்த இடம் தட்டையாக இருந்தது. கோபுரமும் இல்லை, மேடும் இல்லை.

முதலில் எண்களைக் கொடுத்தவர்கள்மேல் சந்தேகப்பட்டாள், பிறகு தன் கணினி நிரல்மேல். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் பழைய இரண்டு ஆய்வுகளின் ஆட்களிடம் மறுபடி போய் நின்றாள். இந்தத் தடவை விடவில்லை. சேர்த்துப் பார்த்தபோது உண்மை வெளியே வந்தது. வயிற்று வலிக்காகச் சில மருத்துவமனைகளுக்கு வந்தவர்களிடம், வந்த இடத்திலேயே மனச்சோர்வுக் கேள்விகளையும் கேட்டு இன்னோர் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சுப் படபடப்புக் கணக்கிலும் அவர்களில் பலர் இருந்தார்கள். மூன்று பேர் முணுமுணுக்கவில்லை. ஒரே ஆள் மூன்று இடத்தில் நின்று முணுமுணுத்திருக்கிறான். அதைக் கணக்கில் சேர்த்துத் திரும்ப ஓட்டினாள். கோபுரம் சரிந்தது. வயிற்று வலிக்கு மட்டும் ஒரு சின்ன அசைவு மிஞ்சியது. அதுவும் அவள் சொன்ன எழுத்து இல்லை, அடுத்த வீட்டு எழுத்து.

ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். அவர் எடுத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதே வாரத்தில்தான் தம்பி ஒரு கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் மயங்கி விழுந்தான். கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் சின்ன வயசுப் பெண். பெருங்குடலில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"ரத்தம் போயிருக்கணுமே. எவ்வளவு நாளா?" என்று டாக்டர் கேட்டார்.

தம்பி மனைவி கணவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி.

"கொஞ்ச நாளா" என்றான் அவன்.

"ஏன் வரல?"

"எனக்கு என்னன்னுதான் தெரியுமே டாக்டர். இவங்கதான் எங்க அக்கா. இவங்களே கண்டுபிடிச்சது." படுக்கையிலிருந்து கையைத் தூக்கி அவளைக் காட்டினான். டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

இந்தக் கட்டிக்கும் அந்த எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பழைய வலிக்கும் இதற்கும்கூட இல்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். இது தனியாக, தன்பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்கூட்டியே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாள். எது அதிகமாகக் கொல்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அவனுக்கு முடி கொட்டியது. அவள் தினமும் வேலை முடிந்து நேரே வந்து பக்கத்தில் உட்காருவாள். வார்டில் ஆறு கட்டில், நடுவே பச்சைத் திரை. ஒரு சாயங்காலம், சூப்பை இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்று தள்ளியவன், திடீரென்று கேட்டான்.

"நம்ம எழுத்து என்னாச்சுக்கா? இன்னொரு நாட்டுல பாக்கறாங்கன்னு சொன்னியே."

அவள் கரண்டியைத் துடைத்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மேடத்திடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறும் வேலை நடந்துகொண்டிருந்தது. யாராவது வந்து அவனிடம் சொல்லிவிடுவார்கள் என்றும் பயந்தாள். அவன் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

"அது தப்பாப் போச்சுடா" என்றாள்.

"தப்புன்னா?"

"ஒரே ஆளுங்களத் திரும்பத் திரும்ப எண்ணிட்டோம். சரி பண்ணிப் பாத்தா அங்க ஒண்ணும் இல்ல."

அவன் நிதானமாகத்தான் கேட்டான். "அப்போ அப்பா சொன்னதுதான் சரியா?"

"ஐயோ, இல்லடா. உன் வலி நெசம். காரணம் என்னன்னுதான் எங்களுக்குத் தெரியல."

"தெரியலன்னு சொல்றதுக்கா இத்தன வருஷம் படிச்ச?"

அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கோபமே இல்லை. அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் பிறகு அவளிடம் தண்ணி வேணும், ஜன்னலச் சாத்து, நர்ஸக் கூப்புடு என்பதற்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை. வேடிக்கைப் பேச்சு நின்றுவிட்டது. மருந்துக்கும் நோய் கட்டுப்படவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் போய்விட்டான்.

எல்லாம் முடிந்த பிறகு, வந்தவர்கள் கலைந்துபோன வீட்டில், அப்பா நாற்காலியில் கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவன் கடைசியா என்கிட்ட சொன்னான், அக்கா கணக்கு தப்பாயிடுச்சுப்பான்னு. அப்படியா?"

"ஆமாப்பா."

"வலி நெசம்தானே?"

"நெசம்தான்ப்பா."

"அப்போ அதுக்கு முன்னாடி நான் அவனப் பேசினது எல்லாம்?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை விடுவித்துக்கொள்ளவுமில்லை, இறுக்கிப் பிடிக்கவுமில்லை. ரத்தத்தில் இருக்கிறது என்ற ஒரே ஒரு போன் பேச்சை வைத்துக்கொண்டுதான் அவர் மகனிடம் திரும்பிப் போயிருந்தார். இப்போது அந்தப் பேச்சுமில்லை, மகனுமில்லை.

தம்பி மனைவி அழுது ஓய்ந்திருந்தாள். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணி. நீங்க கொஞ்சூண்டுன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. நானும் அங்கதான இருந்தேன். ஆனா அவரு உங்க வார்த்தைய நம்பித்தான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. நாளைக்கு என் பொண்ணு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"நெசத்தச் சொல்லு."

"எது அண்ணி நெசம்?"

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு, மகளை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பு வந்தபோது, முன்பின் தெரியாத பல பேர் அவளுக்கு எழுதினார்கள். தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொல்ல எத்தனை நேர்மை வேண்டும் என்று பாராட்டினார்கள். ஒருவர், ஓர் ஆய்வாளர் கூட்டத்தில் வந்து இதைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டிருந்தார். மேடம் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் நின்றிருந்தாள். அழ வந்தவளுக்கு அழுகை வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, முடியாது என்று பதில் எழுதினாள்.

வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? முறையில் ஒரு திருத்தம் செய்தாள். யார் என்ன சொன்னாலும், ஆட்கள் திரும்ப வருகிறார்களா என்று எண்களையே கேட்டுக்கொள்கிற மாதிரி மாற்றினாள். அந்தத் திருத்தத்தோடு அதை இப்போது நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். எலும்பின் அடர்த்தியையும் பல் விழுவதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். வயிறும் நெஞ்சும் மனசும் சேர்ந்த அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாமே, இப்போது எண்களும் அதிகம் வந்திருக்கின்றன என்று மேடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றுவிட்டாள்.

வேறு ஒருவர் போட்டார். ஒன்றும் தெரியவில்லை. எழுத்து இல்லாமலிருக்கலாம், ஒன்றுக்குப் பதிலாக ஆயிரம் எழுத்துகள் ஆளுக்கு ஒரு துளியாகப் பங்கு போட்டிருக்கலாம், மூன்று வலிக்கும் மூன்று காரணம் இருந்திருக்கலாம். தம்பியின் ரத்தத்தை யாரும் வாசித்ததில்லை. இனி வாசிக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போவாள். இருவரும் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி மனைவிக்கு அவ்வப்போது செய்தி அனுப்புவாள். நன்றாக இருக்கிறோம் என்று ஒற்றை வரியில் பதில் வரும். போன வாரம், குழந்தையை ஒரு தடவை பார்க்க வரட்டுமா என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில் வரவில்லை.